இரண்டாவது முடிச்சு

முதலாம் நாள்: மாமாங்கம் – குருக்கள்மடம்

அதிகாலை நாலரைக்கு அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தக்குளத்தடியில் கூடினோம். யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு ஒரு மாதத்துக்கு மேலாக நடந்து வரும் அடியார்கள் முந்தின நாளே வந்து மடத்தில் தங்கியிருந்தார்கள். மட்டக்களப்பிலிருந்து அவர்களோடு சேர்ந்துகொண்டவர்கள் நாங்கள் பதினொரு பேர். யாத்திரையின் வேலைத் தாங்கி நடக்கும் வேல்சாமி அதை எடுத்துத் தோளில் சாய்த்ததும் இருட்டுக்குள் யாரோ "அரோகரா" என்று தொடங்கினார்கள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அந்த ஒரு சொல்லைக்கூட முழுதாகச் சொல்ல முடியவில்லை.

கதிர்காமக் கொடியேற்றத்துக்கு முன்னால் உகந்தையில் காட்டுப் பாதையைத் திறப்பார்கள். அதற்குள் அங்கே போய்ச் சேர வேண்டும். இங்கிருந்து பொத்துவில் நூறு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேல். பிறகு பாணமை, உகந்தை, அதற்கப்பால் காடு. சிக்னல் கிடைக்கும் இடங்களில் அன்றன்று எழுதிப் போடுகிறேன்.

நான் நடப்பது அம்மாவுக்காக. கதிர்காமத்துக்கு ஒரு தரமாவது கால்நடையாகப் போக வேண்டும் என்பது அவருடைய ஆசை. சண்டைக் காலம் விடவில்லை, பிறகு முழங்கால் விடவில்லை. போன ஐப்பசியில் அம்மா போய்விட்டார். அந்தியேட்டிக் கிரியைகள் முடிந்து றங்குப்பெட்டியைத் திறந்தபோது அடியில், அவருடைய கூறைச் சேலைக்குக் கீழே, மஞ்சள் துணி ஒன்று கிடந்தது. இரண்டு முனையிலும் முடிச்சு. ஒன்று புதிது, அம்மாவின் கைமுடிச்சு எனக்குத் தெரியும். மற்றது இறுகிக் கறுத்துப் போனது. விரலால் தடவினால் உள்ளே பெரிய வட்டக் காசு, பழைய ஒரு ரூபாய் போல. நேர்த்திக் காசைச் சந்நிதியில்தான் அவிழ்க்க வேண்டும் என்பதால் இரண்டையும் அப்படியே எடுத்து இடுப்புப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்திருக்கிறேன். இரண்டுமே அம்மாவின் நேர்த்திதான், ஒன்று முந்தியது, ஒன்று பிந்தியது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பாவை இதில் நினைக்கவே இல்லை. அவர் இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ் சாரதி. மட்டக்களப்பு – கல்முனை, கல்முனை – பொத்துவில் என்று முப்பது வருடத்துக்கு மேல் இந்த ஒரே வீதியில் ஓடியவர். எங்களைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போவார். வாசல் வரைக்கும்தான். செருப்பைக் கழற்ற மாட்டார். வெளியில் மரத்தடியில் நின்று வெற்றிலை போட்டுக்கொண்டு நாங்கள் வரும்வரை காத்திருப்பார். "உங்கட அப்பாவுக்கு ஸ்டியரிங்தான் சாமி" என்று அம்மா மனம் நொந்து சொல்வது இப்போதும் காதில் இருக்கிறது. அவர் இறந்து பதினொரு வருடம்.

கல்லடிப் பாலத்தைக் கடக்கும்போது விடிந்தது. 1924இல் கட்டிய பழைய இரும்புப் பாலம் பக்கத்தில் இன்னும் நிற்கிறது. நாங்கள் 2013இல் திறந்த புதுப் பாலத்தால் போனோம். வாவி கண்ணாடி போல் கிடந்தது. நிலாக் காலத்தில் இந்தப் பாலத்தடியில் தோணியில் போய், துடுப்பை நீருக்குள் விட்டு அதன் மறுமுனையைக் காதில் வைத்து மீன் பாடுவதைக் கேட்பார்கள். அப்பா ஒரு தரம் என்னைக் கூட்டிப்போனார். எனக்குக் கேட்டது, அவருக்குக் கேட்கவில்லை. முப்பது வருட எஞ்சின் சத்தம் காதைத் தின்றுவிட்டது என்றார்.

என் வீட்டைக் கடந்துதான் நடந்தேன். படலை பூட்டியிருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

காத்தான்குடி, ஆரையம்பதி, தாளங்குடா, கிரான்குளம். குருக்கள்மடத்தில் இரவுத் தங்கல். வெறுங்கால் நடை எனக்குப் புதிது. இடது குதிக்காலில் கொப்புளம்.

இரண்டாம் நாள்: பாண்டிருப்பு வரை

செட்டிபாளையம், களுதாவளை, களுவாஞ்சிகுடி. வைகாசிச் சடங்கு முடிந்து அதிக நாளாகவில்லை. கண்ணகை அம்மன் கோயில்களின் பந்தல் கால்கள் சில இடங்களில் இன்னும் பிடுங்கப்படவில்லை. களுதாவளையில் பிள்ளையார் கோயிலடியில் கஞ்சி தந்தார்கள். தேங்காய்ப்பால் விட்ட சுடுகஞ்சி. இரண்டு சிரட்டை குடித்தேன்.

ஓந்தாச்சிமடம் தாண்டிக் கல்லாற்றுப் பக்கம் வந்தபோது பழைய நினைவு ஒன்று வந்தது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் வீதி. பள்ளி விடுமுறையில் அப்பாவின் பஸ்ஸில் முன் ஆசனத்தில் இருந்து போவேன். பெரியகல்லாற்றில் ஓரிடத்தில், வீதியில் ஒரு காக்கை இல்லாவிட்டாலும், அப்பா ஒரு தரம் ஹோர்ன் அடிப்பார். ஒரே ஒரு தரம், நீட்டி. "ஏன் அப்பா?" என்றால், "சும்மா மகள், சொல்லிப்போட்டுப் போறன்" என்பார். யாரிடம் சொல்கிறார் என்று அந்த வயதில் கேட்கத் தோன்றவில்லை.

இன்று அந்த இடத்தில் ஐந்து நிமிடம் நின்றேன். கடைகள், மதில்கள், புது வீடுகள். எதுவும் விளங்கவில்லை.

என்னோடு முல்லைத்தீவு அம்மா ஒருவர் நடக்கிறார். சந்நிதியிலிருந்தே நடந்து வருபவர், எழுபதுக்குக் கிட்ட. இந்த யாத்திரையில் எல்லோருக்கும் ஒரே பெயர்தான், சாமி. "சாமி, காலை உப்புத்தண்ணியில வையுங்கோ" என்று என் குதிக்காலைப் பார்த்துவிட்டுச் சொன்னார். பாண்டிருப்பில் திரௌபதை அம்மன் கோயிலடியில் படுத்தோம். கால் வலியில் நித்திரை வரவில்லை.

மூன்றாம் நாள்: கல்முனை, காரைதீவு, அட்டாளைச்சேனை

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத முடியுமா தெரியவில்லை. எழுதாமல் படுக்கவும் முடியாது.

காலையில் கல்முனையைக் கடந்து காரைதீவுக் கண்ணகை அம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு நிந்தவூர், ஒலுவில், பாலமுனை என்று நடந்தோம். பதினொரு மணி வெயிலில் தார் கொதித்தது. கொப்புளம் உடைந்துவிட்டது. அட்டாளைச்சேனைக்குள் வரும்போது கூட்டம் என்னை விட்டு அரைக் கிலோமீற்றர் முன்னே போய்விட்டது. முல்லைத்தீவு அம்மா மட்டும் பக்கத்தில். "நீங்கள் போங்கோ, நான் வாறன்" என்று சொல்லி அனுப்பிவிட்டு, மூடியிருந்த கடையொன்றின் வாசல் வாங்கில் உட்கார்ந்தேன்.

எதிர் வீட்டிலிருந்து தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் வந்தார். கையில் தேசிக்காய்த் தண்ணீர் போத்தல். குடிக்கத் தந்துவிட்டு என் காலைப் பார்த்தார். உள்ளே திரும்பி ஏதோ சொன்னார். அவருடைய பேத்தி பேசினில் சுடுதண்ணீரும் உப்பும் கொண்டுவந்து வைத்தாள். கால் எரிந்து பிறகு இதமாக வந்தது. இந்த வீதியில் ஊருக்கு ஊர் பயந்து, கண்ணை மூடிக்கொண்டு கடந்த காலம் ஒன்று இருந்தது. அவர்கள் ஊரைக் கடக்க நாங்கள் பயந்தோம், எங்கள் ஊரைக் கடக்க அவர்கள் பயந்தார்கள். இரண்டு பக்கமும் பறிகொடுத்த சனம். அந்தப் பேசினுக்குள் கால் வைத்திருந்தபோது அதுதான் நினைவுக்கு வந்தது.

"எவடம் மகள்?"

"மட்டக்களப்பு. கல்லடி."

"கல்லடியில யார்ர மகள்?"

இந்தக் கரையில் முன்பின் தெரியாதவர்கள் சந்தித்தால் வரும் கேள்விகள்தான். ஊர், தகப்பன், அப்புறம் குடி, அதாவது குலம். தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் தாய்வழியில் குடி உண்டு, இரண்டு பக்கமும் ஒரே பெயரில் வரும் குடிகளும் உண்டு. நான் அப்பாவின் பெயரைச் சொன்னேன். பஸ் ஓடியவர் என்றும் சொன்னேன்.

அவர் பேசவில்லை. வாங்கில் என் பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"அவரோட எட்டு வருசம் கொண்டக்டரா இருந்த நான்" என்றார். "அவரு மவுத்தான செய்தி எனக்கு மூணு மாசம் பிந்தித்தான் வந்திச்சு மகள். வந்து முகம் பாக்கக் கிடைக்கல்ல."

பிறகு கேட்டார்: "அப்ப, அண்ணன்ட கடனை நீங்களா தீர்க்கப் போறீங்க?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அம்மாவுக்காக நடக்கிறேன் என்றேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒங்களுக்கு அவரு சொல்லவே இல்லையா?"

1978 நவம்பர் 23. மட்டக்களப்பில் அந்தத் தேதியை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எங்கள் ஊரில் வயதையே சூறாவளிக்கு முந்தி, சூறாவளிக்குப் பிந்தி என்றுதான் சொல்வார்கள். நான் பிந்தி, இரண்டு வருடம். அன்று பின்னேரம் மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் புறப்பட்ட பஸ்ஸை ஓட்டியது அப்பா. அவருக்கு அப்போது முப்பது. கொண்டக்டருக்கு இருபது. பஸ்ஸுக்குள் இருபத்தேழு பேர், அதில் இரண்டு கைக்குழந்தை.

களுவாஞ்சிகுடி தாண்டியதும் காற்று மாறியது. கல்லாற்றில் முன்னால் ஒரு தென்னை விழுந்தது. பின்னுக்கு எடுக்கப் பார்த்தால் பின்னாலும் ஒன்று. பஸ் தொட்டில் போல ஆடத் தொடங்கியது. ஆட்கள் குளறினார்கள்.

"அண்ணன் கத்தல்ல, பதறல்ல" என்றார் பெரியவர். "லைட்டை எரியவிட்டாரு. அந்த வெளிச்சத்துல பாத்தா கல்வீடு ஒண்டு தெரியுது. எல்லாரும் கையைப் புடிங்க, ஒருத்தரும் விடப்படாது எண்டாரு. முன்னுக்கு அவரு, கடைசியில நான். அவரு ஒரு புள்ளையத் தூக்கினாரு, நான் ஒரு புள்ளைய. அம்பது யார் தூரமும் இரிக்காது மகள். அதக் கடக்க ஒரு ஆயுசு போன மாதிரி."

அந்த வீட்டின் ஓடு முழுவதும் பறந்துவிட்டது. சுவர் மூலையில் எல்லோரும் ஒருவர் மேல் ஒருவராக ஒடுங்கி இருந்தார்கள். அந்த இருட்டில்தான் அப்பா நேர்ந்திருக்கிறார். இந்த இருபத்தேழு பேரும் உயிரோடு விடியலைக் கண்டால் இதே கரையால் கதிர்காமத்துக்கு நடந்து வருகிறேன் முருகா என்று. பக்கத்தில் இருந்த இளம் கொண்டக்டர் கல்முனைக் கடற்கரைப் பள்ளிவாசலுக்கு நேர்ந்தார். ஒருவர் சொன்னது மற்றவருக்குக் கேட்டது.

விடிந்தபோது கண்ணுக்கெட்டின வரைக்கும் தென்னை ஒன்று நிமிர்ந்து நிற்கவில்லையாம். பஸ் சரிந்து கிடந்தது. இருபத்தேழு பேரும் இருந்தார்கள். அந்த வீட்டு மூத்தம்மா மஞ்சளில் தோய்த்த துணித்துண்டு ஒன்றைக் கிழித்துக் கொடுத்தாராம், காசு முடிய. அப்பாவின் சட்டைப் பையில் சதம் கூட இல்லை. எல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"நான் குடுத்தன்" என்றார். "டிக்கற் காசில்ல மகள், அது அரசாங்கத்துட காசு, அதத் தொடப்படாது. உம்மா தந்துவிட்ட ஒரு ரூவா என்ர மடியில இருந்திச்சு. அத எடுத்துக் குடுத்தன். இந்தா அண்ணன், முடிஞ்சு வைங்க எண்டன்."

நான் இடுப்புப் பையைத் திறந்து மஞ்சள் துணியை வெளியே எடுத்தேன். என் கை நடுங்கியது. கறுத்த முடிச்சை அவர் முன் நீட்டினேன். முதலில் தொட மாட்டேன் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார், நேர்த்திக் காசு என்று. பிறகு ஒரு விரலால் மட்டும் தடவினார். அந்த விரல் அங்கேயே நின்றது. அவர் அழுதார். பேத்தி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தான் நேர்ந்ததை அவர் கடற்கரைப் பள்ளியின் அடுத்த கொடியேற்றத்திலேயே தீர்த்துவிட்டார். அப்பாவுக்கு முடியவில்லை. ஆடி வந்தால் திருவிழாவுக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் விசேட பஸ் அவருக்குத்தான். அந்த நாட்களில் லீவு கிடைக்காது. பிறகு சண்டை தொடங்கியது, பாதை அடைபட்டது. பிறகு சீனி வருத்தம் வந்து காலில் இரண்டு விரலை எடுத்தார்கள். அது எனக்குத் தெரியும். அந்தக் காலை அவர் ஏன் அப்படி மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருப்பார் என்பதுதான் தெரியாமல் இருந்தது.

"கோயிலுக்குள்ள போங்களன் அண்ணன் எண்டு நான் எத்தின தரம் சொல்லியிருப்பன். கடன்காரன் எந்த முகத்தோட உள்ளுக்குப் போறது தம்பி, தீர்த்துப்போட்டுத்தான் செருப்பக் கழட்டுவன் எண்டு சொல்லுவாரு."

எழுந்து போகும்போது அவரை, முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவது போல, காக்கா என்று கூப்பிட்டேன். "காக்கா இல்ல" என்றார். "ஒங்கட வாப்பாக்கு நான் தம்பி. சாச்சா எண்டு சொல்லுங்க."

கல்லாற்றில் அடித்த ஹோர்ன் அந்த மூத்தம்மாவுக்காம். அந்த வீடு இப்போது இல்லை.

இரவு ஆலையடிவேம்பில் இருக்கிறேன். எல்லோரும் தூங்கிவிட்டார்கள். வாசலில் நின்ற மனிதரை நம்பிக்கை இல்லாதவர் என்று எண்ணியே வளர்ந்தேன். பூசை முடிந்து வெளியே வந்து அவர் நெற்றியில் நான் திருநீறு பூசும்போது கண்ணை மூடிக்கொள்வார். அந்த மூடிய கண்ணுக்குள் என்ன இருந்தது என்று இன்றுதான் தெரிகிறது. அம்மாவுக்கு இது தெரியுமா? அந்தத் துணியைப் பெட்டியில் காத்து வைத்ததும் அம்மாதான், அதன் மறுமுனையில் தன் காசையும் முடிந்ததும் அம்மாதான். கேட்க ஆளில்லை. இரண்டு பேருடைய நேர்த்தியும் ஒரே துணியில் கிடக்கிறது.

நான்காம் நாள்: திருக்கோவில்

நடை குறைவு. தம்பிலுவில் கண்ணகை அம்மனைக் கும்பிட்டு, மதியத்துக்கு முன் திருக்கோவில் சித்திரவேலாயுத சுவாமி கோயில். கொக்கட்டிச்சோலை, மண்டூர் போல இதுவும் தேசத்துக்கோயில், பல ஊருக்கும் பொதுவான பெருங்கோயில். ஆடி அமாவாசைக்கு இந்தக் கடற்கரையில் தீர்த்தமாடச் சனம் நிரம்பி வழியும். இன்று கடலும் காற்றும்தான்.

எல்லோரும் உள்ளே போனார்கள். நான் வெளியில் மரத்தடியில் நின்றேன். பொத்துவில் ஓட்டத்தில் எங்களை இங்கே கூட்டிவந்த நாட்களில் அப்பா இப்படி ஏதோ ஒரு நிழலில்தான் நின்றிருப்பார். அங்கிருந்து பார்த்தால் வாசலும், உள்ளே தூரத்தில் ஒரு விளக்கும் தெரிகிறது. அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. மணிச் சத்தம் கேட்கும். அவர் வருடக்கணக்காகக் கும்பிட்டது இந்தத் தூரத்திலிருந்து.

முல்லைத்தீவு அம்மா திரும்பி வந்து என்னைப் பார்த்தார். நேற்று இரவே அவரிடம் எல்லாம் சொல்லியிருந்தேன். "அப்பாவின்ர நட்சத்திரம் என்ன, சாமி?" என்றார். சொன்னேன். உள்ளே போய் ஐயரிடம் அப்பாவின் பெயருக்கு அர்ச்சனை சொல்லிவிட்டு வந்து கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். தன் கதையை அவர் இதுவரை எனக்குச் சொல்லவில்லை. திருநீற்றுப் பையை எடுக்கும்போது பிளாஸ்டிக் உறைக்குள் ஓர் இளைஞனின் படம் தெரிந்தது. ஓரங்கள் தேய்ந்த படம். அதையும் ஒரு நிமிடம் சந்நிதிக்கு நேரே பிடித்துவிட்டு உள்ளே வைத்துக்கொண்டார். நான் கேட்கவில்லை. அவர் நடந்து வரும் தூரத்தில் அது இருக்கிறது.

ஐந்தாம், ஆறாம் நாட்கள்

வெயிலும் நடையும்தான். விநாயகபுரம், தாண்டியடி, சங்கமன்கண்டிப் பிள்ளையார். இலங்கையின் ஆகக் கிழக்கே நீட்டிக்கொண்டிருக்கும் முனை இங்கேதான். அதனால் சூரியன் எங்களைத்தான் முதலில் பார்க்கிறது என்று பையன் ஒருவன் சொன்னான். கோமாரியில் இரவு. யானைக்குப் பயந்து தீ மூட்டிப் படுத்தோம். மறுநாள் பொத்துவில். பள்ளிவாசலுக்குக் கிட்ட இளைஞர்கள் மேசை போட்டுத் தண்ணீரும் தோடம்பழமும் தந்தார்கள். அதில் ஒரு பையன் என் காலைப் பார்த்து, ஓடிப்போய்த் தன் வீட்டிலிருந்து பிளாஸ்டர் கொண்டுவந்து கொடுத்தான்.

சாச்சா ஒவ்வொரு நாள் மாலையும் போன் எடுக்கிறார். "எவடத்த நிக்கிறீங்க மகள்? இப்ப வலப் பக்கம் குளம் வருமே?" எல்லா வளைவும் அவருக்கு மனப்பாடம்.

ஏழாம் நாள்: பாணமை

அறுகம்பேயில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் கடற்பலகையைத் தோளில் வைத்தபடி எங்கள் வேலைப் பார்த்து ஒதுங்கி நின்றார்கள். அதில் ஒரு பெண் கும்பிட்டாள். பிறகு நெடுந்தூரம் வயலும் பற்றைக்காடும்.

பாணமைக்குள் நுழையும் இடத்தில் ஒரு படலையடியில் மண்குடமும் சிரட்டையும் வைத்துக்கொண்டு ஆச்சி ஒருவர் உட்கார்ந்திருந்தார். சிங்களம் கலந்த தமிழில் "வாங்க சாமி, தண்ணி குடிங்க" என்றார். சாச்சாவைக் கண்டதிலிருந்து எனக்கு ஒரு பேராசை. இந்த வீதியில் எல்லோருக்கும் அப்பாவைத் தெரிந்திருக்கும் என்று மனம் எண்ணத் தொடங்கிவிட்டது. பெயர் சொல்லிக் கேட்டேன். ஆச்சி யோசித்தார். "பஸ் ஓடினவங்க எவ்வளவு பேர் மகள். எனக்கு ஞாபகம் இல்லை" என்றார். ஏமாற்றமாகத்தான் இருந்தது.

தண்ணீர் குடித்துவிட்டு எழும்பியபோது அவர், "மட்டக்களப்புன்னா, நீங்களும் அம்மாவுக்குக் கொம்பு இழுப்பீங்களா?" என்று கேட்டார். நான் திரும்ப உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் ஊர்களில் கொம்புமுறி விளையாட்டு கண்ணகை அம்மனுக்கு. மழை பொய்த்தால், நோய் பரவினால், ஊர் வடசேரி, தென்சேரி என்று பிரிந்து, கொம்போடு கொம்பைப் பூட்டிக் கயிறு கட்டி இழுக்கும். வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி கண்ணகி பக்கம். இதே விளையாட்டு பாணமையில் அங்கெலிய என்ற பெயரில் இன்றும் நடக்கிறது. இங்கே உடுபில, யடிபில என்று இரண்டு கட்சி. அவர்களுக்கு அவள் பத்தினித் தெய்வம், எங்களுக்குக் கண்ணகை. ஆச்சி யடிபில, அம்மன் பக்கம். எங்கள் வீடு தென்சேரி. அதுவும் அம்மன் பக்கம். சொன்னதும் ஆச்சி என் கன்னத்தைத் தடவினார். "அப்ப நாங்க ஒரே பக்கம்தானே!"

அவருடைய தாயின் தாய் தம்பிலுவிலில் இருந்து இங்கே கல்யாணம் முடித்து வந்தவராம். தகப்பன் வழி சிங்களம். பாணமையில் இது அதிசயமில்லை, பாதி வீடு இப்படித்தான் என்றார். சின்னப் பிள்ளையாக இருந்தபோது அம்மம்மா பாடிய கண்ணகை காவியத்தில் இரண்டு வரி மட்டும் நினைவு இருக்கிறது என்று சொல்லிப் பாடிக் காட்டினார். சொற்கள் உருமாறிப் போயிருந்தன. மெட்டு மாறவில்லை. கண்ணகை அம்மன் சடங்கின் குளிர்த்தி இரவில் என் அம்மா முணுமுணுக்கும் அதே மெட்டு. அப்பாவைத் தேடிப் போய்க் கேட்ட படலையில் அம்மாவின் குரல் கிடைத்தது.

புறப்படும்போது சின்னப் போத்தலில் காட்டுத் தேன் தந்தார். "உகந்தையில மலை ஏறுவீங்கதானே. வள்ளிக்குக் குடுங்க. எனக்கு இப்ப ஏற ஏலாது."

எட்டாம் நாள்: உகந்தை

மதியத்துக்குப் பிறகு மலை தெரிந்தது. கடலோரம் பாறைக் குன்று, அடிவாரத்தில் முருகன், உச்சியில் வள்ளியம்மன். முருகன் கல்லோடத்தில் வந்து இறங்கிய இடம் இது என்று சொல்வார்கள். எங்கிருந்தெல்லாமோ வந்த சனம். மரத்துக்கு மரம் சேலையால் கூடாரம், கஞ்சி கொதிக்கிறது, யாரோ உடுக்கு அடிக்கிறார்கள். நாளைக் காலை காட்டு வாசலில் பதிவு. பிறகு குமண, கும்புக்கன் ஆறு, ஆற்று மணலைத் தோண்டி ஊற்று நீர் குடித்துக்கொண்டு, யாலக் காட்டைக் கடந்து கதிர்காமம்.

மாலையில் மலை ஏறினேன். பாறைச் சுனைகளில் தண்ணீர் இருந்தது. தேனை வள்ளியின் முன் வைத்துவிட்டு ஆச்சியின் பெயரைச் சொன்னேன். அவளும் இந்தக் காட்டுப் பிள்ளைதானே. கண்ணை மூடினேன். நாற்பது வயதைத் தாண்டிவிட்டேன், எத்தனையோ கோயிலில் எதையெதையோ கேட்டு நின்றிருக்கிறேன். இன்று கேட்க ஒன்றும் வரவில்லை. இருபத்தேழு பேர் கைகோத்து இருட்டில் போவது மட்டும் கண்ணுக்குள் தெரிந்தது. முன்னால் அப்பா, கடைசியில் சாச்சா. அந்தக் கை விடுபடவில்லை. அதைப் பிடித்துக்கொண்டுதான் நானும் இங்கே வந்து நிற்கிறேன் என்று பட்டது. நன்றி முருகா என்று வாய்விட்டுச் சொன்னேன். சத்தமாகவே வந்துவிட்டது.

மேலே இரண்டு கோடு சிக்னல் வந்தது. சாச்சாவுக்கு எடுத்தேன்.

"முடிச்சு பத்திரமா இரிக்கா மகள்?"

"இருக்கு சாச்சா."

"அங்க முருகன்ட வாசல்ல அவிழுங்க. கதிர்காமத்துல எங்கட பள்ளியும் இரிக்கு. அங்கயும் போய் எனக்காக ஒரு பத்தி கொளுத்துங்க. அண்ணன்ட பேரையும் சேத்துச் சொல்லுங்க."

"நீங்க வந்து சொல்லுங்களன்" என்றேன், யோசிக்காமல்.

கொஞ்ச நேரம் காற்றின் சத்தம் மட்டும் கேட்டது. "கொடியேறினதும் பேரன் வேன் ஓடுறான்" என்றார். "பாப்பம் மகள். பள்ளி வாசல்ல நிப்பன்."

கீழே வந்தபோது முல்லைத்தீவு அம்மா என் பையை ஒழுங்குபடுத்தி வைத்திருந்தார். அரிசி, அவல், சீனி, உப்பு, தீப்பெட்டி. காட்டுக்குள் ஐந்து நாளுக்கு. மஞ்சள் துணியை மட்டும் எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டேன். விடிய நாலு மணிக்கு எழும்ப வேண்டும். இனி அக்கரை போகும் வரை சிக்னல் இல்லை.